அரசுக்கும் வேலி வேண்டும்: மைசூர் மண் சொல்லும் பாடம்

நல்ல அரசு எது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்வார்கள். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். மைசூரில் சில தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பத்தாரைக் கேட்டால் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் பெயரைச் சொல்வார்கள். இரண்டு பதிலுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: ஆள்பவர் நல்லவராக இருந்தால் போதும்.

ஆள்பவர் நல்லவராக இல்லாமல் போனால் என்ன செய்வது? நல்லவரே ஒரு நாள் தவறிவிட்டால்? சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான். விசாரிக்காமல் ஒரு கட்டளை இட்டான். உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். அவ்வளவு கூர்மையான மனசாட்சி அவனுக்கு. ஆனாலும் கோவலன் திரும்பி வரவில்லை. மன்னனின் மனசாட்சி ஒன்றே குடிமக்களுக்குக் காவல் என்றால், அந்தக் காவல் பல நேரங்களில் காலம் கடந்துதான் வந்து சேரும்.

'வரையறுக்கப்பட்ட அரசு' என்று அரசியல் நூலார் சொல்லும் கருத்து இங்கிருந்துதான் பிறக்கிறது. அதை மிக எளிதாக இப்படிச் சொல்லலாம். தனி மனிதன், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அரசோ, சட்டம் அனுமதித்ததை மட்டுமே செய்யலாம். இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்திருக்கும் நாட்டில்தான் தனிமனித சுதந்திரம் இருக்கிறது. இந்தக் கருத்து நமக்கு எப்படி வந்து சேர்ந்தது, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு அதனால் என்ன பயன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மகாராஜா கூட்டிய சபை

1831-ஆம் ஆண்டில் மைசூர் ஆட்சியை ஆங்கிலேயர் தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1881-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், பத்தாம் சாமராஜ உடையாரிடம் அதைத் திருப்பி ஒப்படைத்தனர். ஒப்படைத்தபோது பல நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டனர். ஆகவே மகாராஜாவின் அதிகாரத்துக்கும் ஒரு வேலி இருந்தது. ஆனால் அந்த வேலியின் சாவி மக்களிடம் இல்லை. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலிடம் இருந்தது.

அப்போது திவானாக இருந்தவர் சி. வி. ரங்காசார்லு. செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தில் அரசுப் பணி பார்த்து, பிறகு மைசூருக்கு வந்தவர். ஒரு வகையில் நமக்கு முன்னோடி. 1881 அக்டோபரில், தசராவையொட்டி, மைசூர் பிரதிநிதி சபையை அவர் கூட்டினார். 144 பேர் வந்தனர். பெரும்பாலும் நிலக்கிழார்களும் வணிகர்களும். அரசு என்ன வரி வாங்கியது, என்ன செலவு செய்தது, இனி என்ன செய்யப்போகிறது என்று திவான் அவர்களிடம் கணக்குச் சொன்னார். இந்திய சமஸ்தானங்களில் அந்நாளில் இது பெரும் புதுமை. இன்று நாம் டவுன் ஹால் என்று சொல்லும் கட்டடம் அந்த ரங்காசார்லுவின் நினைவாக எழுப்பப்பட்டதே.

ஆனால் அந்தச் சபையால் என்ன செய்ய முடிந்தது? குறைகளைச் சொல்லலாம்; வேண்டிக்கொள்ளலாம். ஒரு வரியைத் தடுக்கவோ, ஒரு சட்டத்தை மறுக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையே 1891-ல்தான் வந்தது. 1907-ல் சட்டசபை ஒன்று அமைந்தது. 1923-ல்தான் பிரதிநிதி சபைக்குச் சட்டத்தின் அடித்தளம் கிடைத்தது. அதுவரை அது மன்னரின் விருப்பத்தால் மட்டுமே நிலைத்திருந்தது.

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமையை இங்கே பார்க்கலாம். வீட்டுக்காரர் அன்பாக, வாடகை வாங்காமல் நம்மை ஒரு வீட்டில் இருக்கவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பத்திரம் நம் பெயரில் இல்லை. அவருக்கு மனம் மாறினால், அல்லது அவருக்குப் பின் அவர் மகன் வந்தால், நாம் தெருவில்தான் நிற்க வேண்டும். உரிமை என்பது நம் பெயரில் உள்ள பத்திரம்.

நல்லாட்சியிலும் மூடப்பட்ட பத்திரிகைகள்

1902 முதல் 1940 வரை ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி, சமஸ்தானங்களுள் மிகச் சிறந்தது என்று பெயர் பெற்றது. காந்தியடிகள் அவரை ராஜரிஷி என்று போற்றினார். கண்ணம்பாடி அணை, 1916-ல் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகம் என்று அந்த ஆட்சியின் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

அதே ஆட்சியில்தான் 1908-ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அப்போது திவான் வி. பி. மாதவராவ். இனிப் பத்திரிகை நடத்த வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். கொடுத்த அனுமதியை அரசே திரும்பப் பெறலாம் என்றது அச்சட்டம். 'தாத்தையா' என்று மைசூர் மக்கள் அன்போடு அழைத்த எம். வெங்கடகிருஷ்ணையா போன்ற பத்திரிகையாளர்கள் இதை எதிர்த்துத் தங்கள் இதழ்களையே நிறுத்திக்கொண்டனர். எதிர்த்து வழக்குப் போட ஓர் அடிப்படை உரிமையும் அவர்கள் கையில் இல்லை.

மன்னர் நல்லவர். திவான் படித்தவர். அணையும் கட்டினார்கள், பள்ளியும் திறந்தார்கள். இருந்தும் பேனாவை மூட ஒரே ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. அரசு நன்மை செய்வது வேறு. அரசு வரம்புக்குள் நிற்பது வேறு. இரண்டும் நமக்கு வேண்டும். முதலாவது கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவதைக் கேட்காமல் இருக்க முடியாது. 1947-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் மைசூரில் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி அமையாததால், 'மைசூர் சலோ' என்ற போராட்டம் மூண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்களாட்சி அமைந்தது.

வேலி எழுதப்பட்டது

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பத்திரம் நம் பெயருக்கு மாறியது. அதில் முக்கியமான பூட்டுகள் மூன்று. அடிப்படை உரிமைகளுக்கு மாறான சட்டம் செல்லாது என்கிறது 13-ஆம் விதி. பேச, கூட, நாடெங்கும் சென்றுவர, எங்கும் குடியிருக்க, தொழில் செய்ய உரிமை தருகிறது 19-ஆம் விதி. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காவல் 21-ஆம் விதி. இவை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 32-ஆம் விதியும், உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 226-ஆம் விதியும் சொல்கின்றன. பூட்டு மூன்று என்றால், இவை இரண்டும் சாவிகள்.

இந்தப் பூட்டுகளை முதலில் சோதித்தது நம் சென்னை மாகாணமே. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு 1950-ல் தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். அதே ஆண்டு மே மாதம் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. 1908-ல் மைசூரில் கேட்க முடியாத கேள்வியை, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடிமகன் கேட்டான், பதிலும் கிடைத்தது.

வேலி என்றால் கற்சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தின் மூலம், பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகப் பேச்சுரிமைக்கு 'நியாயமான கட்டுப்பாடு' விதிக்கலாம் என்று சேர்க்கப்பட்டது. எது நியாயம் என்பதை அரசே முடிவு செய்துகொள்ள முடியாது, நீதிமன்றம் பார்க்கும். அந்தச் சொல்லைச் சுற்றித்தான் இன்றுவரை வழக்குகள் நடக்கின்றன.

இராஜாஜி காட்டும் இரண்டு பக்கம்

தமிழ்நாட்டில் வரையறுக்கப்பட்ட அரசு என்ற கொள்கைக்காக ஒரு கட்சியே தொடங்கியவர் இராஜாஜி. 1959-ல் சென்னையில் சுதந்திராக் கட்சியை அவர் தோற்றுவித்தபோது அவருக்கு வயது எண்பது. ஒரு தொழில் தொடங்க, ஒரு இயந்திரம் வாங்க, உற்பத்தியைப் பெருக்க என எல்லாவற்றுக்கும் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலையை 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று அவர் சாடினார். அனுமதி கொடுக்கும் அதிகாரம் பெருகும் இடத்தில் லஞ்சமும் பெருகும் என்பது அவர் வாதம். 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அவர் 1972-ல் மறைந்தார். அவர் சாடிய அனுமதி முறையின் பெரும்பகுதி 1991-ல் நீக்கப்பட்டது.

இதே இராஜாஜி 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள்மீது, காங்கிரஸார் தாங்களே முன்பு கண்டித்த குற்றவியல் திருத்தச் சட்டத்தைப் பயன்படுத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் சிறைத் தண்டனைக்காலத்தில் 1939-ல் உயிரிழந்தனர். 1940-ல் அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதை இராஜாஜியைக் குறைசொல்ல எழுதவில்லை. அவருடைய நேர்மையை எதிரிகளும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவரே நாற்காலியில் இருந்தபோது ஒரு மாதிரியும், வெளியே வந்து பார்த்தபோது வேறு மாதிரியும் அரசைக் கண்டார். 'நான் செய்வது நன்மைக்குத்தான்' என்ற நம்பிக்கை ஆள்பவருக்கு எப்போதும் இருக்கும். அதனால்தான் வேலி கெட்டவர்களுக்கு மட்டுமானது என்று இருக்க முடியாது. நல்லவர்களுக்கும் சேர்த்தே அது போடப்படுகிறது.

வேலி சாய்ந்த இருபத்தொரு மாதங்கள்

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. மறுநாள் வாஜ்பாயும் அத்வானியும் பெங்களூரில் கைதானார்கள். 'சம்ஸ்காரா' திரைப்படத்தில் நடித்த சினேகலதா ரெட்டி பெங்களூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டு, ஆஸ்துமாவால் நலிந்து, விடுவிக்கப்பட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் காலமானார். பிடித்துப்போனவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவை ஏற்கலாம் என்று கர்நாடகம் உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் கூறின. உச்ச நீதிமன்றமோ 1976 ஏப்ரலில், நான்கு நீதிபதிகளின் பெரும்பான்மையில், முடியாது என்றது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்து அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி இளையவர் ஒருவருக்குப் போயிற்று. எழுதி வைத்த வேலியும் காவலாளி கண் மூடினால் சாயும் என்பதை நாடு அப்போது கண்டது.

மைசூரில் படித்த நீதிபதி

மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்து, கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் கே. எஸ். புட்டசாமி. ஆதார் அட்டைக்காகக் கைரேகையும் கண் பதிவும் சேகரிக்கப்பட்டபோது, இதற்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எங்கே என்று கேட்டு 2012-ல் வழக்குத் தொடுத்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

அந்தரங்க உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்று அரசு வாதாடியது. 1954-ல் எட்டு நீதிபதிகள் கூறிய கருத்து அதற்குத் துணை நின்றது. ஆகவே ஒன்பது நீதிபதிகள் அமர வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது பேரும் ஒருமனதாகக் கூறினர். 1976 தீர்ப்பு தவறானது என்றும் அதே வழக்கில் கூறப்பட்டது. மறுத்துரைத்த கன்னாவின் கருத்து நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

அந்தத் தீர்ப்பிலிருந்து சாதாரண மக்களான நாமும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. அரசு நம் சுதந்திரத்தில் கை வைக்கும்போது, முதலில், அதற்குச் சட்டம் இருக்கிறதா? அடுத்து, அதன் நோக்கம் நியாயமானதா? மூன்றாவதாக, எடுத்த நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு அளவானதா? எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தலாகாது என்பதுதான் மூன்றாவது கேள்வியின் சாரம். 2018-ல் ஆதார் வழக்கின் இறுதித் தீர்ப்பு வந்தபோது அளவு பார்க்கப்பட்டது. அரசு மானியங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம். வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்குக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று.

பிள்ளையின் பாடமொழியை யார் முடிவு செய்வது?

நம்மை நேராகத் தொடும் வழக்குக்கு வருவோம். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை கன்னடமோ தாய்மொழியோதான் பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 1994 ஏப்ரலில் ஆணையிட்டது. இளம் வயதில் தாய்மொழியில் கற்பதே நல்லது என்பது கல்வியாளர் பலரும் ஒப்பும் கருத்து. அரசின் நோக்கம் கெட்டதன்று. 1993-ல் உச்ச நீதிமன்றமே தாய்மொழிவழிக் கல்விக் கொள்கையை ஏற்றிருந்தது.

ஆனால் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கு வளர்ந்து, 2014 மே 6 அன்று ஐந்து நீதிபதிகள் முன் முடிவுக்கு வந்தது. ஒரு குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே சொல்ல வேண்டும். அரசு சொல்ல முடியாது. தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுப்பது 19-ஆம் விதி தரும் சுதந்திரத்தில் அடங்கும். மொழிச் சிறுபான்மையினருக்குத் தாய்மொழியில் கற்க வசதி செய்து தருமாறு 350-அ விதி மாநிலத்தைக் கேட்டுக்கொள்கிறது. அதை வைத்து அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இவை அத்தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் படித்துத் தமிழர் சிலர் மகிழ்ந்தனர், சிலர் வருந்தினர். வருந்தியதிலும் நியாயம் உண்டு. ஏனெனில் கிடைத்த சுதந்திரத்தைப் பெரும்பாலான பெற்றோர் ஆங்கிலத்துக்கே பயன்படுத்துகிறார்கள். சுதந்திரத்தின் இயல்பு அதுதான். அரசு நம்மைத் தமிழ் படிக்கவிடாமல் தடுக்க முடியாது. நாம் கற்பிக்காமல் விட்டால் அரசு வந்து கற்பிக்கவும் செய்யாது. அந்தப் பொறுப்பு வீட்டுக்கும் சங்கத்துக்கும் வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாநில மொழியை ஒரு பாடமாகக் கற்பிக்க அரசு கேட்பது வேறு விஷயம். மராட்டியத்தில் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியதை 2004-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கர்நாடகமும் 2015-ல் கன்னடம் கற்பதற்குச் சட்டம் இயற்றியது. நாம் வாழும் ஊரின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு பேசவும் எழுதவும் வேண்டும். சந்தையிலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் தன் உரிமையைச் சொல்லிக் கேட்க அந்த மொழிதான் துணை.

வேலி வேண்டும், பலமும் வேண்டும்

வரையறுக்கப்பட்ட அரசு என்றால் பலவீனமான அரசு என்று சிலர் நினைக்கிறார்கள். 1991-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அந்த ஆண்டு காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை வழங்கியது. அதைச் செயலற்றதாக்கக் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாநிலம் தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் அதைச் செல்லாததாக்கியது. அரசுக்குப் போட்ட வேலி அங்கே நின்றது. ஆனால் டிசம்பரில் பெங்களூரிலும் தென் கர்நாடகத்தின் பிற இடங்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, எந்த அரசு தனிமனிதனைக் காக்க வேண்டுமோ அது வரத் தாமதித்தது. அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பங்கள் பல நம்மவர்க்கு அடைக்கலம் தந்தன என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தை அண்டை வீட்டார் காப்பாற்றலாம். ஒரு தெருவையே காப்பாற்றப் போலீஸ்தான் வேண்டும்.

அரசின் எல்லை குறுகியிருக்கலாம். அந்த எல்லைக்குள் அது தன் வேலையை உறுதியாகச் செய்ய வேண்டும். உயிரையும் உடைமையையும் காப்பது, வழக்கை நேர்மையாகத் தீர்ப்பது, எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது ஆகியவை அதன் முதல் வேலை. 'உன் சொந்த ஊர் எது?' என்று கேட்டுவிட்டுக் காப்பாற்றும் அரசு, வேலிக்கு உள்ளே இருந்தும் கடமை தவறிய அரசு.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிவைப்போம். சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மைசூருக்கு வந்து குடியிருப்பது யாரும் இட்ட பிச்சை அன்று. 19-ஆம் விதி தந்த உரிமை. கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது 22-ஆம் விதி. தடுப்புக் காவல் சட்டங்களில் கைதானவர்களுக்கு மட்டும் இந்த 24 மணி நேரக் காப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்பு ஏன் நகரவில்லை என்று கேட்க 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியைக் காத்துக்கொள்ள 29-ஆம் விதியும், தமக்கெனப் பள்ளி நடத்த 30-ஆம் விதியும் இருக்கின்றன. இந்த உரிமைகள் நமக்கு எவ்வளவு உண்டோ, தமிழ்நாட்டில் வாழும் கன்னடர், தெலுங்கர், சௌராஷ்டிரர், உருது பேசுவோர் அனைவருக்கும் அவ்வளவே உண்டு. அங்கே அவர்களுக்கு நாம் மறுப்பதை இங்கே நமக்குக் கேட்க முடியாது.

பசு அடித்த மணி நீதிக்கு அழகான சின்னம். ஆனால் அந்த மணியை அரண்மனை வாசலில் கட்டியவன் மன்னன். அவன் நினைத்தால் அவிழ்த்துவிடலாம். இன்று நம்மிடம் இருக்கும் மணியை நாமே எழுதிக் கட்டினோம். அது எங்கே தொங்குகிறது, எப்படி அடிப்பது என்று நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.